நாலு சென்ரிமீற்றர்

பாலேந்திரனின் ஜீப் உயர்ந்துவிட்டது என்பதை அருளானந்தன் ஏழாம் மாடி பல்கனியில் நின்றபடியே கண்டுபிடித்துவிட்டார். ஒஸ்லோவின் வெஸ்ட்லிப் பகுதியில் அந்த நெடிய கட்டடத்தில் வேறு யாராவது பார்த்திருந்தால், ஒரு சின்னப் பச்சை ஜீப் வந்து தரிப்பிடத்தில் நிற்கிறது என்பதோடு விட்டிருப்பார்கள். இவர் ஸ்ட்ரோம்மன் பக்கத்துப் பட்டறை ஒன்றில் பதின்மூன்று வருசமாக வாகனங்களுக்கு அடியில் படுத்துக் கிடக்கிற மனுசன். ஜீப் வளைந்து திரும்பியபோது சில்லுக்கும் மட்காட்டுக்கும் இடையில் வெளிச்சம் கூடுதலாகத் தெரிந்தது. மிளகாய்க் கன்றுச் சாடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர், சாடி வழிந்து காலை நனைக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

“நாலு சென்ரிமீற்றர்,” என்றார்.

“என்னது?” என்று குசினிக்குள்ளிருந்து மனைவி மங்களேஸ்வரி கேட்டாள்.

“ஒண்டுமில்லை. உன்ர தங்கச்சியின்ர புருசன் வந்திருக்கிறான்.”

மனம் நல்லாயிருக்கிற நாட்களில் சகலனை அவர் ‘பாலன்’ என்பார். ‘உன்ர தங்கச்சியின்ர புருசன்’ என்று நீட்டி முழக்கினால் உள்ளே எங்கோ புகைகிறது என்று மங்களேஸ்வரிக்குத் தெரியும். அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

கீழே ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்துகொண்டு இறங்கியது பாலேந்திரன் இல்லை. இவர்களுடைய மகள் சாருகா. ஜீப்பின் பின்புறத்தில் வெள்ளையில் சிவப்பாக எழுதிய ‘எல்’ தகடு ஒட்டியிருந்தது. நோர்வேயில் பதினாறு வயதானால், அனுபவமுள்ள ஒரு பெரியவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் வாகனம் பழகலாம். சாருகாவுக்குப் பதினேழு முடிந்து பத்து மாதம். தகப்பனோடு இரண்டு தரம் பழகினாள். இரண்டாம் தரம், வட்டச் சந்தி ஒன்றில் வைத்து அவர் “பிரேக்! பிரேக்!” என்று கத்திக் கைப்பிரேக்கையும் இழுத்துவிட, பின்னால் வந்த பஸ் கோண் அடித்தது. சாருகா ஒரு சொல் பேசாமல் இறங்கி, தே-பானே என்கிற நிலக்கீழ் ரயிலைப் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு சித்தப்பாதான்.

அருளானந்தன் ஈரக்காலோடு செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

“அண்ணை, பாருங்கோவன்!” பாலேந்திரன் குழந்தைப்பிள்ளை மாதிரி ஜீப்பின் தோளில் தட்டினார். “இங்கிலாந்திலையிருந்து தபாலிலை எடுப்பிச்சனான். ஸ்பிரிங்குக்கு மேலை வைக்கிற வளையம். முன்னுக்கு ரெண்டு, பின்னுக்கு ரெண்டு. நாலு சென்ரிமீற்றர் தூக்கியிருக்கு. இனி மலைப்பாதையிலை வயித்திலை கல்லுத் தட்டாது.”

“ஆர் பூட்டினது?”

“நாங்கள்தான்! நானும் சாருகாவும். அவ இன்ரநெற்றிலை வாசிச்சு வாசிச்சுச் சொன்னா, நான் செய்தன். பிறகு பார்த்தா அவ செய்யிறா, நான் வாசிக்கிறன்.”

சாருகா கையை விரித்துக் காட்டினாள். நகத்துக்குள் எல்லாம் கறுப்பு. “அப்பா, பின்பக்கம் இடது ஷொக் அப்சோபர் முழுக்க நானே பூட்டினனான். சித்தப்பா தொடவே இல்லை. அளவுச் சாவி வைச்சு, கிளிக் எண்டு சத்தம் கேக்குமட்டும்.”

அவள் அப்படி முகம் மலர்ந்து அவரிடம் ஒரு விசயம் சொல்லி எவ்வளவு காலம். சொன்ன விசயம் மட்டும் வேறாக இருந்திருக்கக்கூடாதா என்று நினைத்தார். இரண்டு வருசத்துக்கு முன் பள்ளிக்கூட விடுமுறையில் ஒருநாள் அவள் பட்டறை வாசலில் வந்து நின்றது நினைவு வந்தது. “இது பொம்பிளைப் பிள்ளையள் நிக்கிற இடமில்லை, உடுப்பெல்லாம் எண்ணெய் பிரளும்” என்று அடுத்த பஸ்ஸிலேயே ஏற்றி அனுப்பியவர் அவர்தான்.

“பிரேக் குழாய் எட்டுமோ எண்டு பார்த்தனீங்களோ?” என்று கேட்டார்.

“அதுக்கும் ஒரு துண்டு தந்தவங்கள் அண்ணை. பூட்டியாச்சு.”

“ம்,” என்றார். அதை அவர்கள் மறந்திருந்தால் அவருக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

பொறாமை என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. பாலேந்திரன் மாணவனாக வந்து, படித்து, லில்லெஸ்ட்ரோமில் நகரசபை அலுவலகத்தில் கணினிக்கு முன்னால் இருக்கிறவர். சொந்த வீடு, வீட்டோடு கராஜ், மலையில் பங்குக்கு ஒரு மரக்குடில். அருளானந்தன் வந்த புதிதில் வடக்கே பின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் ஆறு வருசம் கத்தி பிடித்து, விரல் விறைத்து, பிறகுதான் ஒஸ்லோவுக்கு இறங்கினார். வீட்டைப் பொறுத்துக்கொண்டார். மரக்குடிலையும் ஒருமாதிரிப் பொறுத்துக்கொண்டார். அந்த வகை ஜீப்பைக்கூட முதலில் வாங்கியது இவர்தான். தன்னுடையதைப் போலவே இன்னொன்று பட்டறைக்கு விற்பனைக்கு வந்தபோது, “பாலன், நல்ல சாமான், விடாதை” என்று கூப்பிட்டுக் கொடுத்ததும் இவர்தான். வாகனத்துக்கு அடியில் என்றொரு இடம் இருக்கிறதே, அது தன்னுடையது, அங்கே சகலன் வரமாட்டான் என்று நம்பியிருந்தார். இப்போது சகலன் அங்கேயும் வந்துவிட்டான், அதுவும் மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் குசினியிலிருந்து மீன் பலகையைத் தூக்கிக்கொண்டு போனார்.

அந்தப் பலகையைப் பற்றிச் சொல்லவேண்டும். மரமில்லை, ஐந்து சென்ரிமீற்றர் தடிப்பில் வெள்ளைப் பிளாஸ்ரிக். பின்மார்க் தொழிற்சாலையை மூடியபோது, அவர் வெட்டின மேசையிலிருந்தே கழற்றி மேற்பார்வையாளர் கொடுத்தது. கத்தி இறங்காது, நாற்றம் பிடிக்காது, குளிரில் வெடிக்காது. தமிழ்க் கடையிலிருந்து வருகிற உறைந்த திருக்கையும் அறக்குளாவும் பதின்மூன்று வருசமாக அதில்தான் துண்டானது. இரவல் கேட்டு மாடி மாடியாக ஆட்கள் வருவார்கள். மங்களேஸ்வரி கொடுக்கமாட்டாள்.

சனிக்கிழமை காலை அவள் பட்டறைக்குத் தொலைபேசி எடுத்தாள்.

“இஞ்சருங்கோ, என்ர மீன் பலகை எங்கை?”

“இஞ்சை கிடக்கு.”

“அங்கை என்ன செய்யுது?”

“கடைசல் மிசினிலை கிடக்கு.”

“வெட்டிப்போட்டியளோ?”

“நாலு வளையம் எடுத்திருக்கு. மிச்சம் ஒரு துண்டு கிடக்கு, நெத்தலி வெட்டக் காணும்.”

“நெத்தலியை ஆரப்பா வெட்டுறது!” என்று அவள் போட்ட சத்தத்தில் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவேண்டியிருந்தது. “உங்களுக்கென்ன விசர் பிடிச்சிட்டுதோ? பாலனின்ர ஜீப்பைக் கண்ட நாளையிலையிருந்து நீங்கள் நீங்களாய் இல்லை. ஒரு கிலோ திருக்கை கரைஞ்சு போய்க் கிடக்கு. இதை நான் கையிலை வைச்சோ வெட்டுறது?”

“சோத்துக் கோப்பையிலை வைச்சு வெட்டு,” என்று சொல்லிவிட்டு அவர் ரிசீவரை வைத்தார். சொன்னது பிழை என்று உடனேயே தெரிந்தது. ஆனால் வளையங்கள் வெள்ளைவெளேரென்று, அச்சில் வார்த்ததுபோல் மேசையில் இருந்தன. அவற்றைப் பார்க்கப் பார்க்க எல்லாம் சரியாகத்தான் பட்டது.

முதலாளி வாசல் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஆளில்லாத பட்டறை. வெளியே ஒக்ரோபர் மழை தகரத்தில் சிணுங்கியது. அருளானந்தன் தன்னுடைய ஜீப்பை உயர்த்தித் தாங்கிகளில் இருத்தினார். சில்லுகளைக் கழற்றினார். ஷொக்கின் கீழ் ஆணிகளுக்கு முதலில் எண்ணெய் விட்டு, ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் காத்திருந்தார். பனிக்கு உப்புப் போட்ட ரோட்டில் ஓடின ஆணியை அவசரப்படுத்தினால் தலை முறியும். பிறகு அச்சை மெல்ல மெல்லக் கீழே விட்டார். அமுக்கம் போனதும் ஸ்பிரிங் தானாகவே தளர்ந்து கையில் வந்தது. மேலிருந்த றபரைத் துடைத்து, அதன் கீழ் மீன் பலகை வளையத்தை வைத்து, ஸ்பிரிங்கைத் திருப்பி நிறுத்தி, நுனி அதன் பள்ளத்தில் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். பிரேக் குழாயின் பிடியைக் கழற்றிக் கீழே இறக்கிப் பூட்டினார். அச்சைக் குறுக்கே பிடிக்கிற தடி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது. அதற்கு ஒரு பட்டியைப் போட்டுத் துளையை நேராக்கினார்.

வேலை சுத்தம். அதில் யாரும் பிழை சொல்லமுடியாது. ஆனால் லைற்றைப் பிடிக்க ஆளில்லாமல் வாயில் கவ்விக்கொண்டு கிடந்தபோது, லில்லெஸ்ட்ரோம் கராஜில் அவர்கள் இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து இதே வேலையைச் செய்திருப்பார்கள் என்ற எண்ணம் வந்து வந்து போனது. நாலு மணிக்கு ஜீப்பை இறக்கி அளந்தார். ஐந்து சென்ரிமீற்றர்.

ஞாயிற்றுக்கிழமை சாருகா அதைச் சுற்றி ஒருதரம் நடந்தாள். குனிந்து சில்லுக்கு மேல் விரல்களை வைத்துப் பார்த்தாள்.

“அஞ்சோ?”

“ஓம்.”

“நாலு காணாதோ?”

“ஒரு சென்ரிமீற்றர் கூட இருந்தா என்ன, நல்லதுதானே.”

அவள் அடியில் எட்டிப் பார்த்தாள். “வடிவாய்ச் செய்திருக்கிறியள் அப்பா,” என்றாள். அவருக்குள் ஏதோ குளிர்ந்தது. உடனேயே, “ஏன் என்னைக் கூப்பிடேல்லை?” என்று கேட்டாள்.

“உனக்குப் படிப்பெல்லோ.”

“நேற்று முழுக்க நான் வீட்டிலை சும்மா இருந்தனான்.”

கூப்பிடலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை. அவளுக்குக் காட்டவேண்டும் என்று மட்டும்தான் நினைத்தார்.

அன்று மத்தியானம் லில்லெஸ்ட்ரோமில் சாப்பாடு. மங்களேஸ்வரி சீலை கட்டிக்கொண்டு இறங்கி வந்தாள். பதினைந்து வருசம் அலுவலகங்களின் நிலம் கழுவி அவளுடைய வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. ஜீப்பில் ஏறக் காலைத் தூக்கினாள், எட்டவில்லை. இடது காலைத் தூக்கினாள், வலதுகால் உடம்பைத் தாங்கவில்லை. அருளானந்தன் ஓடிப்போய்ப் பால்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கவிழ்த்து வைத்தார். இரண்டாம் மாடி பல்கனியில் ஒரு சோமாலியக் குடும்பம் முழுவதும் வந்து நின்று பார்த்தது. பெட்டி ஆடியது. மங்களேஸ்வரி இறங்கி, அந்தப் பெட்டியிலேயே குந்திவிட்டாள்.

“என்ர பலகையையும் வெட்டி, என்னையும் ஏறவிடாமல் செய்துபோட்டியள். நான் ரயிலிலை வாறன். நீங்கள் மேலை ஏறி இருந்து ஊர்வலம் போங்கோ.”

சாருகா சித்தப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். இருபது நிமிசத்தில் பாலேந்திரன் வந்தார். அவருடைய ஜீப்பில் வாசலுக்குக் கீழே மடிக்கிற படி ஒன்று பூட்டியிருந்தது. “அக்கா ஏற வேணுமெண்டுதான் போட்டனான்,” என்றார். அவர் எதையும் குத்திக் கதைக்கிற ஆள் இல்லை. அதுதான் அருளானந்தனுக்கு இன்னும் குத்தியது. மங்களேஸ்வரி ஒரு கையால் சீலைக் கொய்யகத்தைப் பிடித்துக்கொண்டு சுகமாக ஏறி இருந்தாள். சாருகா ஓட்டினாள். ஐந்து சென்ரிமீற்றர் உயரத்தில் தனியே இருந்துகொண்டு, லில்லெஸ்ட்ரோம் மட்டும் அந்தச் சிவப்பு ‘எல்’லைப் பார்த்தபடியே அருளானந்தன் பின்னால் போனார். அவள் நன்றாக ஓட்டினாள். வட்டச் சந்திகளில் ஒரு பிழையும் விடவில்லை. அதையும் பார்த்துக்கொண்டுதான் போனார்.

திங்கட்கிழமை வேலை முடிந்து, பட்டறைச் சாப்பாட்டு மேசையில் இருந்து அவர் ஒரு பெட்டிசம் எழுதினார்.

பெட்டிசம் என்பது எங்கள் ஆட்களுக்குப் புதிய விசயம் இல்லை. பக்கத்து வீட்டு மதில் ஒரு அடி கூட வந்தால் பெட்டிசம். வாத்தியாருக்குப் பதவி உயர்வு கிடைத்தால் பெட்டிசம். ஊரில் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்துக்குப் போகிற கடதாசியில் பாதி, கீழே பெயரில்லாமல் ‘ஊர்நலன் விரும்பி’ என்று முடிந்திருக்கும். எழுதினவர் அடுத்தநாள் அதே வீட்டுக்குப் போய்ப் பால்தேத்தண்ணி குடித்து, “அறுவான் ஆரோ எழுதிப்போட்டான்” என்று சேர்ந்து திட்டிவிட்டும் வருவார். கடதாசி உள்ளே போனால் போனதுதான். அதை யார் எழுதியது என்று சாகும்வரை தெரியவராது.

அருளானந்தன் தன் நோர்வீஜிய மொழியில் கவனமாக எழுதினார். ஜீப்பின் இலக்கம். நாலு சென்ரிமீற்றர் உயர்த்தியிருக்கிறது. வாகனச் சோதனை அலுவலகத்தில் காட்டி அனுமதி எடுக்கவில்லை. வேலை செய்தவர்கள் தொழில் படித்தவர்கள் இல்லை. பின்பக்க இடது ஷொக்கைப் பூட்டியது பதினேழு வயதுப் பள்ளிக்கூடப் பிள்ளை. இந்தக் கடைசி வசனம்தான் பலமானது என்று அவருக்குப் பட்டது. இரண்டு தரம் வாசித்துப் பார்த்தார். கீழே ‘பொறுப்புள்ள குடிமகன்’ என்று போட்டு, வீட்டுக்குப் பக்கத்தில் இல்லாத ஒரு தபால்பெட்டியாகப் பார்த்துப் போட்டார். தன்னுடைய ஜீப்புக்கும் அனுமதி எடுக்கவில்லை என்பது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கே வரவில்லை.

மூன்று வாரம் கழித்து மங்களேஸ்வரி செய்தி கொண்டுவந்தாள். “பாவமப்பா பாலன். ஆரோ எழுதிப் போட்டிருக்கினம். ஜீப்பைக் கொண்டுவந்து காட்டச் சொல்லிக் கடிதம் வந்திருக்காம். அதுமட்டும் ஓடமாட்டன் எண்டு கராஜிலை பூட்டிப்போட்டார். பிள்ளைக்கு அடுத்த மாதம் லைசென்ஸ் சோதனை. இப்ப எதிலை பழகிறது?”

“எங்கடை ஜீப் இருக்குத்தானே,” என்றார் அருளானந்தன்.

சாருகா அவரைப் பார்த்தாள். “கத்துவியளோ?”

“கத்தமாட்டன்.”

அவர் கத்தவில்லை. அந்த ஞாயிறு காலை முதல் பனி இலேசாகத் தூவியிருந்தது. அவளை லில்லெஸ்ட்ரோமுக்கு அப்பால் வயல்வெளிப் பாதைகளில் ஓடவிட்டு, தொடைக்குக் கீழே கையைச் செருகிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி இருந்தார். ஒரு வளைவில் பின்சில்லு கொஞ்சம் சறுக்கியது. அவளே திருப்பிப் பிடித்தாள். “நல்லாய் பிடிச்சாய் பிள்ளை,” என்றார். அவள் சிரித்தாள். எரிபொருள் நிலையத்தில் நிறுத்தி இரண்டு பேரும் சொசேஜ் சாப்பிட்டார்கள். கடுகுச் சோஸ் அவருடைய சட்டையில் வடிந்தது. அவள் கடதாசியால் துடைத்துவிட்டாள். ஸ்பிரிங் உயர்த்தினால் ஸ்ரியறிங் ஏன் இலேசாகிறது என்று கேட்டாள். அவர் மேசையில் உப்புப் போத்தலையும் கரண்டியையும் வைத்து அரைமணி நேரம் விளங்கப்படுத்தினார். பெட்டிசம் போட்டதில் பிழையே இல்லை என்று அன்று முழுவதும் நினைத்தார்.

புதன்கிழமை பின்னேரம் அவர் குளித்துவிட்டு வர, சாருகா சாப்பாட்டு மேசையில் இருந்தாள். மங்களேஸ்வரி வேலைக்குப் போயிருந்தாள். மேசையில் ஒரு கடதாசி கிடந்தது. தன்னுடைய கையெழுத்தை அவர் தூரத்திலேயே அடையாளம் கண்டார்.

“இதென்ன?”

“சித்தப்பா இன்சீன் கேட்டவர். கொப்பி அனுப்பியிருக்கினம்.”

“இன்சீன் எண்டால்?”

“தன்னைப் பற்றி அலுவலகத்துக்கு வந்த கடிதத்தைத் தான் பார்க்கிறது. இஞ்சை ஆரும் கேக்கலாம் அப்பா. அது உரிமை.”

பத்தொன்பது வருசம் இந்த நாட்டில் இருந்தும் அவருக்கு அது தெரியாது. எழுதின கடதாசியைப் படம் பிடித்து, உறையில் போட்டு, எழுதப்பட்டவனுக்கே அனுப்பிவைக்கிற அரசாங்கம் ஒன்று உலகத்தில் இருக்கும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

“வாசியுங்கோ,” என்றாள்.

“நீ வாசி.”

அவள் கடைசிக்கு முந்தின வரியில் விரலை வைத்தாள். “பின்பக்க இடது ஷொக்கைப் பூட்டியது பதினேழு வயதுப் பள்ளிக்கூடப் பிள்ளை.” வாசித்துவிட்டு நிமிர்ந்தாள். “நான் இதை ஒரே ஒராளுக்குத்தான் சொன்னனான்.”

குளிர்சாதனப் பெட்டி உறுமி நின்றது. அருளானந்தன் துவாயைக் கழுத்திலிருந்து எடுத்து மடித்தார். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று தெரிந்தது. “அம்மாவுக்குத் தெரியுமோ?” என்றுதான் வாயில் வந்தது.

“இல்லை. சித்தப்பாவுக்கும் தெரியாது. தன்ர ஒஃபிஸ் ஆக்களை ஒவ்வொருத்தராய் யோசிச்சுக்கொண்டிருக்கிறார். பக்கத்து வீட்டு நோர்வேக்காரனோடை கதைக்கிறதையும் விட்டிட்டார். அந்தாள் பாவம்.” அவள் கடதாசியைத் தன் பக்கம் இழுத்தாள். “பிழையாய் பூட்டியிருக்கிறன் எண்டு நினைச்சிருந்தா, வந்து பார்த்திருக்கலாமெல்லோ அப்பா. நீங்கள் வந்து பார்ப்பியள் எண்டுதான் உங்களுக்குச் சொன்னனான்.”

அவர் கதிரையில் இருந்தார்.

“செவ்வாய்க்கிழமை ஜீப்பைக் காட்டவேணும். சனிக்கிழமை வந்து எல்லாத்தையும் ஒருக்காப் பாருங்கோ. பிழை இருந்தா திருத்துங்கோ. மற்றது, நீங்கள்தான் சித்தப்பாவுக்குச் சொல்லவேணும். நான் சொல்லமாட்டன்.” எழுந்து போகும்போது திரும்பினாள். “உங்கடை அஞ்சு சென்ரிமீற்றருக்குப் பேப்பர் இருக்கோ?”

அவர் இல்லையென்று தலையாட்டினார்.

“அதிலையோ ஞாயிற்றுக்கிழமை என்னை ஓடவிட்டனீங்கள்,” என்றாள்.

சனிக்கிழமை லில்லெஸ்ட்ரோம் கராஜில் பாலேந்திரன் நிலத்தில் காட்போட் விரித்து வைத்துக் காத்திருந்தார். வீட்டுக்குள்ளிருந்து பாலேந்திரனின் மனைவி கிருஷ்ணகுமாரி, “அத்தான், முதல்லை தேத்தண்ணி குடிச்சிட்டுப் படுங்கோவன். புட்டு அவியுது, மீன்குழம்பும் இருக்கு,” என்றாள். “பிறகு குடிக்கிறன்,” என்று சொல்லி, அவளுடைய முகத்தைப் பார்க்காமலேயே அவர் ஜீப்புக்கு அடியில் புகுந்துகொண்டார். சாருகா குந்தியிருந்து ரொர்ச் பிடித்தாள். இதற்குத்தான் அவர் அன்றைக்கு ஆசைப்பட்டார்.

“உங்களை விட்டா எனக்கு ஆர் அண்ணை இருக்கினம்,” என்று மேலேயிருந்து பாலேந்திரனின் குரல் வந்தது. அடியிலிருந்து பார்க்க அவருடைய சப்பாத்து மட்டும் தெரிந்தது, பழுப்பு நிறம், அலுவலகத்துக்குப் போடுவது. “எழுதினவன் மட்டும் என்ர கையிலை கிடைச்சானெண்டால்! எழுதினதை எழுதினான், பிள்ளையை ஏன் அதுக்குள்ளை இழுத்தவன்? அதுதான் எனக்குத் தாங்கேலாமல் கிடக்கு. அவ அந்த ஆணிக்கு முன்னாலை ஒரு மணித்தியாலம் இருந்தவ அண்ணை. மூண்டு தரம் கழட்டிப் பூட்டினவ.”

அருளானந்தன் முன்பக்கம் இரண்டையும் பார்த்தார். வளையம் நேராக இருந்தது. பிரேக் குழாய்க்கு இடமிருந்தது. பின்பக்கம் நகர்ந்தார். வலது ஷொக், பாலேந்திரன் பூட்டினது. சாவியை வைக்க முக்கால் சுற்றுப் போனது. இறுக்கினார். இடது பக்கம், மகள் பூட்டினது. சாவியை வைத்து இழுத்தார். அது அசையவில்லை. இன்னும் ஒரு பலம் கொடுத்து இழுத்தார். ஒரு மயிரிழைகூட அசையவில்லை. நட்டின் குறுக்கே, பிறகு தளர்ந்தால் தெரியட்டும் என்று, மஞ்சள் மையால் ஒரு கோடும் கீறியிருந்தாள். பட்டறையில் அவரும் அப்படித்தான் கீறுவார். அவளுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்கமாட்டார்கள். இரண்டு வருசத்துக்கு முன் அந்தப் பத்து நிமிசத்தில் வாசலில் நின்று பார்த்திருப்பாள்.

“வேலை தெரிஞ்ச ஆரோ எழுதினதுபோலைதான் கிடக்கு,” என்றார் பாலேந்திரன். “உங்கடை பட்டறையிலை ஆரும் இதைப்பற்றிக் கதைச்சவங்களோ அண்ணை?”

ரொர்ச் வெளிச்சம் ஆடாமல் நின்றது. இல்லையென்று சொன்னால் அதோடு முடிந்துவிடும். பாலேந்திரன் நம்புவார். சாருகாவும் வாய் திறக்கமாட்டாள். பிறகு ஒருநாளும் அவள் இவரோடு எதுவும் கதைக்கமாட்டாள்.

“பாலன், அது நான்தான்.”

“என்ன நீங்கள்?”

“கடிதம். நான்தான் எழுதினனான்.”

பழுப்புச் சப்பாத்து அப்படியே நின்றது. வீட்டுக்குள் யாரோ பீங்கான்களை அடுக்குகிற சத்தம் கேட்டது.

“ஏன் அண்ணை?”

முகத்தைப் பார்க்கவேண்டியிருந்தால் சொல்லியிருக்கமாட்டார். அடியில் கிடந்ததால் சொன்னார். “பிள்ளை உன்னோடை வாறா. என்னோடை வாறா இல்லை. எரிஞ்சுது. அதுதான்.”

“அதுக்கு?” என்றார் பாலேந்திரன். கோபமா அழுகையா என்று தெரியாத குரல். “அதுக்கு என்னட்டைச் சொல்லியிருக்கலாமே அண்ணை. கூட்டிக்கொண்டு வந்து விட்டிருப்பனே.”

அப்படிச் சகலன் கூட்டிக்கொண்டு வந்து விடுகிற பிள்ளை அருளானந்தனுக்கு வேண்டாம் என்பதை எப்படிச் சொல்வது.

பழுப்புச் சப்பாத்து கதவுப் பக்கம் திரும்பி நடந்தது. கராஜ் கதவு திறக்க, பனிக்காற்று நிலத்தோடு வந்து முகத்தில் பட்டது. சாருகா ரொர்ச்சை நிலத்தில், வெளிச்சம் அவர் பக்கம் விழுகிறமாதிரிப் பார்த்து வைத்தாள். அவளுடைய வெள்ளைச் சப்பாத்து ஜீப்புக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றது. அருளானந்தன் மூச்சை அடக்கிக்கொண்டு அதையே பார்த்தார். குனிவாள், ஏதாவது சொல்லுவாள், திட்டினாலும் போதும் என்று இருந்தது. பிறகு அதுவும் கதவைத் தாண்டிப் போனது.

“சித்தப்பா, ஜாக்கெட்டைப் போடுங்கோ. குளிருது,” என்று வெளியே அவள் சொல்வது கேட்டது.

சகலன் மேல் கோபப்பட அவருக்கு இனி ஒரு காரணமும் மிச்சமில்லை. ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அந்தச் சொல்லைக் கேட்டபோது நெஞ்சு எரிந்தது, முதல்நாள் பல்கனியில் எரிந்ததைவிட மோசமாக எரிந்தது. காட்போட்டுக்குக் கீழே சீமெந்து குளிர்ந்து முதுகில் ஏறியது. வலது ஷொக்கில் சாவியை வைத்து, ஏற்கெனவே இறுக்கின நட்டை அவர் இன்னொருமுறை சரிபார்த்தார். வேலை எப்போதோ முடிந்துவிட்டது. வெளியே வந்து எழும்பி நிற்க அவருக்கு அவசரம் எதுவும் இருக்கவில்லை.